உடற்பருமன் அறுவைச் சிகிச்சைக்குப் பிந்தைய எடைத் தேக்கம்

உடற்பருமன் அறுவைச் சிகிச்சைக்குப் பிந்தைய எடைத் தேக்கம் என்பது, உடல் எடையைக் குறைப்பதற்காக இரைப்பையிலோ சிறுகுடலிலோ அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட ஒருவரின் எடை, தொடர்ந்து குறைந்து வந்த பின்னர், சில வாரங்களுக்கோ மாதங்களுக்கோ மாறாமல் நிற்கும் நிலையைக் குறிக்கும். இது பெரும்பாலோரிடம் காணப்படும் இயல்பான உடலியங்கியல் நிகழ்வாகும். எனினும், அறுவைச் சிகிச்சை தோல்வியுற்றதன் அடையாளமாகவோ நோயாளியின் மனவுறுதிக் குறைவாகவோ இது அடிக்கடி தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. அவ்வாறு எண்ணி உணவை மேலும் குறைத்துக்கொள்வோருக்குப் புரதக் குறைபாடும் உயிர்ச்சத்துக் குறைபாடும் ஏற்படும் இடர் உண்டு. எனவே, ஏற்பட்டிருப்பது எவ்வகைத் தேக்கம் என்பதைக் கண்டறிவதே இதனை எதிர்கொள்வதன் முதற்படியாகும்.

பின்னணி

உடற்பருமனுக்கான அறுவைச் சிகிச்சைகளுள் இன்று பரவலாகச் செய்யப்படுபவை இரண்டு. இரைப்பைக் குறைப்பு அறுவையில் (ஸ்லீவ்) இரைப்பையின் ஏறத்தாழ நான்கில் மூன்று பகுதியோ அதற்குச் சற்று மேலோ அகற்றப்பட்டு, எஞ்சிய பகுதி ஒரு குழாய் போல ஆக்கப்படுகிறது. இரைப்பை மாற்றுவழி அறுவையில் (பைபாஸ்) இரைப்பையின் மேற்பகுதியில் ஒரு சிறு பை உருவாக்கப்பட்டு, அது சிறுகுடலுடன் நேரடியாக இணைக்கப்படுகிறது. மாற்றுவழி அறுவை 1966 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் என்பவரால் தொடங்கப்பட்டது.

இவ்வறுவைகள் உணவின் அளவை மட்டும் கட்டுப்படுத்துவதில்லை. பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் இயக்குநீர் பெருமளவில் இரைப்பையின் மேற்பகுதியிலேயே சுரக்கிறது. இரைப்பைக் குறைப்பு அறுவையில் அப்பகுதி அகற்றப்படுகிறது. மேலும், உணவுக்குப் பின் குடலில் சுரந்து நிறைவுணர்வைத் தரும் ஜிஎல்பி-1 போன்ற இயக்குநீர்கள் அறுவைக்குப் பின்னர் அதிகரிக்கின்றன. இதனாலேயே அறுவைக்குப் பிந்தைய முதல் மாதங்களில் எடை விரைவாகக் குறைகிறது.

தேக்கத்தின் வகைகள்

எடை நிற்கும் காலத்தைக் கொண்டு இதனை மூன்றாகப் பிரித்து நோக்கலாம்.

1. தொடக்கத் தேக்கம்: அறுவை நிகழ்ந்த சில வாரங்களுக்குள் தோன்றுவது. மூன்றாவது வாரத்தையொட்டிப் பலருக்கு இது நேர்வதால், நோயாளிகளிடையே இது "மூன்றாம் வாரத் தேக்கம்" என வழங்குகிறது.
2. இடைக்காலத் தேக்கம்: எடை பொதுவாகக் குறைந்து வரும் முதல் ஓராண்டில், சில வாரங்கள் நின்று, பின்னர் மீண்டும் குறைவது.
3. இறுதி நிலைப்பு: அறுவைக்குப் பின் ஏறத்தாழ 12 முதல் 24 மாதங்களில் எடை அதன் மிகக் குறைந்த அளவை எட்டி நிற்பது. இது தேக்கம் என்பதைவிட, உடல் அடைந்த புதிய சமநிலை என்பதே பொருந்தும்.

இவை மூன்றும் எடை மீளேற்றத்திலிருந்து வேறுபட்டவை. மிகக் குறைந்த எடையை எட்டிய பின்னர் எடை தொடர்ந்து கூடிவருவதே மீளேற்றம் ஆகும்.

காரணங்கள்

நீரும் கிளைக்கோசனும்

மனித உடல் மாச்சத்தைக் கிளைக்கோசன் என்னும் வடிவில் கல்லீரலிலும் தசைகளிலும் சேமித்து வைக்கிறது. ஒவ்வொரு கிராம் கிளைக்கோசனுடனும் ஏறத்தாழ மூன்று கிராம் நீர் சேர்ந்திருக்கும். அறுவையையொட்டிய நாட்களில் உணவு மிகக் குறைவாக இருப்பதால் இச்சேமிப்பு கரைந்து, அதனுடன் நீரும் வெளியேறுகிறது. முதல் நாட்களில் எடை மளமளவெனக் குறைவதற்கு இது ஒரு காரணம். பின்னர் உணவு சற்றுக் கூடும்போது கிளைக்கோசனும் நீரும் ஓரளவு மீளச் சேர்கின்றன. அவ்வேளையில் கொழுப்பு தொடர்ந்து கரைந்துகொண்டிருந்தாலும் எடைப்பொறியில் மாற்றம் தெரிவதில்லை. மாதவிடாய்க் காலம், மலச்சிக்கல், உப்பு மிகுந்த உணவு, புதிதாகத் தொடங்கிய கடும் உடற்பயிற்சி ஆகியவையும் இத்தகைய தற்காலிக மறைப்பை உண்டாக்கக்கூடும்.

சிறுத்த உடலின் குறைந்த தேவை

இடைக்காலத் தேக்கத்திற்கும் இறுதி நிலைப்பிற்கும் முதன்மையான காரணம் எளிய கணக்கே ஆகும். பெரிய உடலை இயக்க அதிக ஆற்றல் வேண்டும்; சிறிய உடலுக்குக் குறைந்த ஆற்றல் போதும். 1990 ஆம் ஆண்டில் வெளியான மிஃப்லின்–செயின்ட் ஜியோர் சமன்பாட்டின்படி, 160 செ.மீ. உயரமும் 120 கி.கி. எடையும் உடைய 40 வயதுப் பெண்ணொருவரின் உடல், ஓய்வு நிலையில் நாளொன்றுக்குச் சுமார் 1,840 கிலோகலோரி செலவிடும். அவரது எடை 85 கி.கி. ஆனதும், வயது மாறவில்லை எனக் கொண்டால், இச்செலவு சுமார் 1,490 கிலோகலோரியாகக் குறைகிறது. நடத்தல், படியேறுதல் முதலிய செயல்களுக்கும் முன்னைவிடக் குறைந்த ஆற்றலே தேவைப்படுகிறது. மறுபுறம், அறுவைப் புண் ஆறிய பின்னர் உண்ணக்கூடிய அளவு மாதந்தோறும் சிறிது சிறிதாகக் கூடுகிறது. வரவும் செலவும் சமமாகும் இடத்தில் எடை நிற்கிறது.

ஒரு பவுண்டு எடை குறைய 3,500 கிலோகலோரி குறைத்தால் போதும் என்னும் விதி, மேக்ஸ் விஷ்னோஃப்ஸ்கி 1958 ஆம் ஆண்டில் செய்த கணக்கீட்டிலிருந்து பரவியது. எடை குறையக் குறையச் செலவும் குறையும் என்பதை இவ்விதி கணக்கில் கொள்ளாததால், இதனைக் கொண்டு நீண்டகால எடை இழப்பை மதிப்பிடுவோர் ஏமாற்றமடைகின்றனர்.

வளர்சிதைமாற்றத் தகவமைவு

உடல் சிறுத்ததால் எதிர்பார்க்கப்படும் அளவையும் தாண்டி ஆற்றல் செலவு குறைவது வளர்சிதைமாற்றத் தகவமைவு எனப்படும். 1994 ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட லெப்டின் என்னும் இயக்குநீருக்கு இதில் பங்குண்டு. இது கொழுப்புத் திசுவில் சுரப்பது. கொழுப்பு கரையும்போது இதன் அளவு வீழ்கிறது. மூளை இதனை உணவுப் பஞ்சத்தின் அறிகுறியாகக் கொண்டு, பசியைக் கூட்டி, ஆற்றல் செலவைக் குறைக்கிறது.

1944–45 ஆம் ஆண்டுகளில் ஆன்செல் கீஸ் தலைமையில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் நடைபெற்ற பட்டினி ஆய்வு இதற்கு நன்கறியப்பட்ட சான்றாகும். இதில் பங்கேற்ற 36 இளைஞர்கள் 24 வாரங்கள் அரைப்பட்டினியில் வைக்கப்பட்டு, தம் எடையில் ஏறத்தாழ கால் பங்கை இழந்தனர். அவர்களது அடிப்படை வளர்சிதைமாற்றம் சுமார் 40% குறைந்தது. உடல் மெலிந்ததால் மட்டும் ஏற்படக்கூடிய அளவைவிட இது அதிகமாகும். பலருக்குக் காலில் நீர் கோத்து வீங்கியதால், உண்மையான திசு இழப்பு எடையளவில் முழுமையாகத் தெரியவில்லை. அவர்கள் உடற்பருமன் அற்ற இளைஞர்கள் என்பதால் அவ்வளவுகளை அறுவை நோயாளிகளுக்கு அப்படியே பொருத்த இயலாது. ஆயினும் அடிப்படை இயக்கமுறை ஒன்றே.

உணவுப் பழக்கமும் மருந்துகளும்

சிறிய இரைப்பை திட உணவைத் தடுக்கும்; நீர்ம உணவை அவ்வளவாகத் தடுப்பதில்லை. இனிப்புப் பானங்கள், பழச்சாறு, பனிக்கூழ், மது ஆகியவை வழியாக ஆற்றல் அறியாமலே சேர்கிறது. நாள் முழுவதும் சிறிது சிறிதாகக் கொறிக்கும் பழக்கமும் இத்தகையதே. இன்சுலின், ஸ்டீராய்டு மருந்துகள், சில மனநோய் மருந்துகள், சில வலிப்பு மருந்துகள் ஆகியவையும் எடை குறைவதைத் தடுக்கக்கூடும். இம்மருந்துகளை நோயாளி தானாக நிறுத்துதல் ஆகாது, மருத்துவரே மாற்றவேண்டும்.

உடற்கூற்று மாற்றங்கள்

மாற்றுவழி அறுவையில் இரைப்பைப் பைக்கும் சிறுகுடலுக்கும் இடையிலான இணைப்புவாய் விரிவடைதல், பிரிக்கப்பட்ட இரைப்பைப் பகுதிகளுக்கிடையே மீண்டும் துளைவழி உண்டாதல், குறைப்பு அறுவையில் எஞ்சிய இரைப்பை விரிதல் முதலியன சிலரிடம் காணப்படுகின்றன. அகநோக்கி வழியாகவும் கதிர்ப்படங்கள் வழியாகவும் இவை கண்டறியப்படுகின்றன.

சுவீடன் உடற்பருமன் ஆய்வு

எடை நின்றுவிட்டால் அறுவையின் பயனும் நின்றுவிடுமா என்னும் வினாவிற்கு விடைதரும் முதன்மையான ஆய்வு, லார்ஸ் சோஸ்ட்ரோம் தலைமையில் 1987 ஆம் ஆண்டில் சுவீடனில் தொடங்கப்பட்டது. அறுவை செய்துகொண்ட 2,010 பேரும், செய்துகொள்ளாத 2,037 பேரும் இதில் ஒப்பிடப்பட்டனர்.

மாற்றுவழி அறுவை செய்துகொண்டோரின் எடை, முதல் ஓரிரு ஆண்டுகளில் சராசரியாக 32% குறைந்து நின்றது. பின்னர் ஓரளவு கூடியதால், பத்தாம் ஆண்டில் இழப்பு 25% ஆக இருந்தது. இரைப்பைப் பட்டை பொருத்திக்கொண்டோரிடம் இவ்வளவுகள் முறையே 20%, 14% ஆகும். அறுவை செய்துகொள்ளாதோரின் எடை பெரிதும் மாறவில்லை.

ஆக, எடை நிற்பதும் ஓரளவு மீள்வதும் அனைத்து அறுவை வகையினரிடமும் காணப்பட்டது. ஆயினும் 2007 ஆம் ஆண்டில் வெளியான முடிவின்படி, வயது முதலிய வேறுபாடுகளைச் சரிசெய்த கணக்கில், அறுவைக் குழுவினரின் இறப்பு இடர் 29% குறைவாக இருந்தது. 2020 ஆம் ஆண்டில் வெளியான கணக்கீடு, அறுவை செய்துகொண்டோரின் ஆயுள் மற்றக் குழுவினரைவிடச் சுமார் மூன்று ஆண்டுகள் நீண்டிருந்ததாகக் காட்டியது. அதே வேளையில் நீரிழிவு தணிந்திருந்தோரின் பங்கு இரண்டாம் ஆண்டில் 72% ஆக இருந்து, பத்தாம் ஆண்டில் 36% ஆகக் குறைந்தது. எனவே பயன் நிலைத்தாலும் தொடர் கண்காணிப்பு கைவிடத்தக்கதன்று.

எதிர்கொள்ளும் முறைகள்

அளவிடுதல்

நாள்தோறும் எடை பார்த்து மனம் கலங்குவோர், வாரத்திற்கு ஒருமுறை, ஒரே நேரத்தில், ஒரே எடைப்பொறியில் பார்ப்பது பொருத்தமாகும். இடுப்புச் சுற்றளவு, குருதி அழுத்தம், குருதிச் சர்க்கரை, நடக்கக்கூடிய தொலைவு ஆகியவையும் முன்னேற்றத்தின் அளவுகோல்களே.

இழப்பைக் கணக்கிடும் முறையும் கருதத்தக்கது. மேற்கண்ட எடுத்துக்காட்டில் 120 கி.கி.-இலிருந்து 85 கி.கி.-இற்கு வந்த பெண், மொத்த எடையில் 29% இழந்துள்ளார். உடல் நிறைச் சுட்டெண் 25 என்பதை இலக்காகக் கொண்டால் அவரது இலக்கு எடை 64 கி.கி.; அதற்கு மேற்பட்ட 56 கி.கி.-இல் அவர் இழந்தது 62.5%. இவை இரண்டும் நல்ல விளைவையே காட்டுகின்றன. ஆனால் 64 கி.கி.-ஐ மட்டுமே வெற்றியாகக் கருதினால், அவர் தம்மைத் தோற்றவராக எண்ண நேரிடும்.

உணவு

* நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் பொதுவாக அறிவுறுத்தப்படுகிறது. முட்டை, மீன், கோழியிறைச்சி, தயிர், பருப்பு வகைகள், சோயா ஆகியவற்றை உணவின் தொடக்கத்திலேயே உண்ணுதல் நன்று.
* உண்பவற்றையும் பருகுபவற்றையும் சில நாட்கள் விடாது குறித்துவைத்தால், கவனத்திற்கு வராத ஆற்றல் வரவு புலப்படும்.
* உணவுடன் நீர் அருந்தாமல், உணவு வேளைகளுக்கு இடையே போதிய நீர் அருந்தவேண்டும்.
* மருத்துவர் பரிந்துரைத்த இரும்பு, கால்சியம், உயிர்ச்சத்து டி, பி12 முதலியவற்றை எடை நின்ற பின்னரும் தொடரவேண்டும்.

உடற்பயிற்சி

எடை இழக்கும்போது கொழுப்புடன் தசையும் கரைகிறது. பளு தூக்குதல் போன்ற தசை வலுவூட்டும் பயிற்சிகளை வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாட்கள் செய்வது தசை இழப்பைக் குறைக்க உதவும். இத்துடன் வாரத்திற்கு 150 நிமிடங்களேனும் விரைநடை போன்ற பயிற்சி அறிவுறுத்தப்படுகிறது. உடற்பயிற்சியால் எடை சட்டெனக் குறையாது. குறைந்த எடையைக் காப்பதிலேயே அதன் பங்கு பெரிது.

மருத்துவமும் மறு அறுவையும்

உணவும் பயிற்சியும் சீராக இருந்தும் எடை இழப்பு போதாதவர்களுக்கு மருந்துகள் பயன்படுத்தப்படுகின்றன. ஜிஎல்பி-1 போலச் செயற்படும் லிராகுளுடைடு என்னும் மருந்து, அறுவைக்குப் பின் போதிய எடை குறையாத 70 பேரிடம் இலண்டனில் ஆராயப்பட்டது. 2023 ஆம் ஆண்டில் வெளியான அம்முடிவின்படி, 24 வாரங்களில் மருந்து பெற்றோர் சராசரியாக 8.8% எடையும், போலி மருந்து பெற்றோர் 0.5% எடையும் இழந்தனர். உடற்கூற்றுக் குறைபாடு உறுதிப்பட்டவர்களுக்கு மறு அறுவை கருதப்படும். இது முதல் அறுவையைவிடச் சிக்கல் மிகுந்தது என்பதால், தேக்கம் என்னும் ஒரே காரணத்திற்காகச் செய்யப்படுவதில்லை.

தவிர்க்கவேண்டியவை

தேக்கத்தை உடைப்பதற்காகப் பட்டினி கிடத்தல், அறுவையையொட்டிய நீர்ம உணவு முறைக்கு மருத்துவ அறிவுரையின்றித் திரும்புதல், மலமிளக்கிகளைப் பயன்படுத்துதல், வேண்டுமென்றே வாந்தியெடுத்தல் ஆகியன தீங்கானவை. தொடர் வாந்தியும் மிகக் குறைந்த உணவும் தையமின் (உயிர்ச்சத்து பி1) குறைபாட்டை உண்டாக்கும். இது பார்வைத் தடுமாற்றம், தள்ளாட்டம், மனக்குழப்பம் ஆகிய அறிகுறிகளுடன் மூளையைப் பாதித்து, உடன் சிகிச்சை தராவிடில் நிலையான ஊனத்தையோ இறப்பையோ விளைவிக்கலாம். இவ்வறிகுறிகள் தோன்றினால் காலந்தாழ்த்தாமல் மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். தொடர் வயிற்றுவலி, விழுங்க இயலாமை, கருநிற மலம் ஆகியவையும் உடனடிக் கவனத்திற்குரியவை.

உளவியல் கூறுகள்

முதல் மாதங்களில் வாரந்தோறும் எடை குறைவதைக் கண்டு பழகியவருக்கு, அது நிற்பது பெரும் ஏமாற்றத்தைத் தரும். பழி கூறப்படுமோ என்னும் அச்சத்தால் சிலர் தொடர் பரிசோதனைகளுக்குச் செல்வதையே நிறுத்திவிடுகின்றனர். இதனால், எளிதில் சரிசெய்யக்கூடிய ஊட்டக் குறைபாடுகளும் கண்டறியப்படாமல் போகின்றன. மாற்றுவழி அறுவைக்குப் பின் மது விரைவாகக் குருதியில் கலப்பதாலும், சிலரிடம் மதுப் பழக்கம் மிகுவதாலும், இதனையும் மருத்துவக் குழு கேட்டறிதல் வேண்டும். எடை ஓரிடத்தில் நிற்கும் என்பதை அறுவைக்கு முன்னரே நோயாளிக்கும் குடும்பத்தாருக்கும் விளக்கிக் கூறுவது இவ்வேமாற்றத்தைத் தணிக்க உதவும்.

இவற்றையும் பார்க்க

* உடற்பருமன்
* உடல் நிறைச் சுட்டெண்
* வளர்சிதைமாற்றம்
* லெப்டின்
* நீரிழிவு