கொங்கு நாட்டில் ஒரு குருமடம்

கோயம்புத்தூரிலிருந்து மேற்கே செல்லும் சாலையில், தமிழ்நாடு முடிந்து கேரளம் தொடங்கும் இடங்களுள் ஒன்று வேலந்தாவளம். சோதனைச் சாவடி ஒன்றைத் தவிர, நாடு மாறிவிட்டது என்பதைக் காட்டும் அடையாளம் அங்கே அதிகமில்லை. அப்பாலும் தமிழே கேட்கிறது. இவ்வூர் அமைந்த சித்தூர்ப் பகுதி முன்னாளில் கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்தது. 1956-ஆம் ஆண்டில் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது கேரளத்தின் பகுதியாயிற்று. அரசியல் எல்லை இவ்வாறு மாறிவந்தபோதிலும், இப்பகுதியின் தமிழ்க் கத்தோலிக்கர்கள் நெடுங்காலம் கோயம்புத்தூர் மேற்றிராணியாரின் ஆளுகையிலேயே இருந்துவந்தனர். 2013-ஆம் ஆண்டில் சுல்தான்பேட்டை மறைமாவட்டம் அமைந்த பின்னரே அந்தத் தொடர்பு பிரிந்தது.

அத்தொடர்பின் தொடக்க காலத்தில் ஒரு பெரிய வினா எழுந்தது. தமிழ் மக்களுக்குக் குருமாராக இருக்கத் தகுந்தவர் யார்? ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வருபவரா, இந்த மண்ணிலே பிறந்து இங்கேயே பயிற்சி பெற்றவரா? அவ்வினாவின் வரலாற்றையே இன்று சிறிது காண்போம்.

குருக்களைப் பயிற்றும் நிலையத்திற்கு ஐரோப்பியர் வழங்கும் ‘செமினாரி’ என்னும் சொல், நாற்றங்கால் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. ஒவ்வொரு மேற்றிராணியாரும் இத்தகைய நாற்றங்கால் ஒன்றை அமைத்துப் பேணவேண்டும் என்று திரெந்து நகரத்துச் சங்கம் 1563-இல் விதித்தது. ஆயினும் தமிழகத்தில் நெடுங்காலம் ஊர்தோறும் செபம் சொல்லிக்கொடுத்தும், பிள்ளைகளுக்கு வேதபாடம் கற்பித்தும், நோயாளிகளைப் பார்த்தும் சபையைத் தாங்கி நின்றவர்கள் உபதேசியார்களே. பலிபூசையும் அதிகாரமும் பெரும்பாலும் அயல்நாட்டுக் குருக்களிடமே இருந்தன.

புரோடஸ்டண்டு மிஷனிலும் இதே சிக்கல் தோன்றிற்று. 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, 1716-இல் உள்நாட்டு ஊழியர்களைப் பயிற்றுவதற்கென ஒரு கல்விச்சாலையைத் தொடங்கினார். கடலூரில் பிறந்த ஆரோன் என்பவர் 1733-இல் குருவாக அபிஷேகம் பெற்றார். இந்தியர் ஒருவர் அம்மிஷனில் அப்பதவி பெற்றது அதுவே முதல் முறை. ஆனால் அவரோடு கருதப்பட்டவர்களுள் இராசநாயக்கன் என்ற உபதேசியாரும் ஒருவர். படைவீரராக இருந்து, ஊழியத்திலே பெயர் பெற்றவர். ஒடுக்கப்பட்ட குலத்திற் பிறந்தவர் கையிலிருந்து மேற்குலத்தார் நற்கருணை பெறமாட்டார்கள் என்ற அச்சத்தால் அவர் ஒதுக்கப்பட்டார். ஆக, பயிற்சி மட்டும் போதவில்லை, பிறப்பும் பார்க்கப்பட்டது.

ஏறத்தாழ நூறாண்டுகளுக்குப் பின், 1842-இல், மரியோன் தெ பிரெசில்லாக் என்னும் பிரெஞ்சுக் குரு புதுச்சேரியில் வந்திறங்கினார். அப்போது அவருக்கு வயது இருபத்தெட்டு. தமிழ் கற்றார், பின்னர்ப் புதுச்சேரிக் குருமடத்தின் தலைமையையும் ஏற்றார். 1844-இல் அந்நகரிலே கூடிய சங்கம், சுதேச குருமாரை உருவாக்குவதே மிஷனின் தலையாய கடமை என்று கண்டு, கல்விச்சாலைகளையும் குருமடத்தையும் வலுப்படுத்த முடிவு செய்தது. அதற்கு அடுத்த ஆண்டிலேயே ரோமாபுரியும் அதே கருத்தை வற்புறுத்தி ஆணை விடுத்தது. 1846-இல் கருமத்தம்பட்டியிலே பிரெசில்லாக் மேற்றிராணியாராக அபிஷேகம் பெற்றுக் கோயம்புத்தூர் மிஷனை ஏற்றார். நீலகிரியும், பாலக்காட்டுப் பகுதிகளும் அம்மிஷனைச் சேர்ந்தவை.

அவர் அங்கேயும் ஒரு குருமடத்தை அமைத்தார். குருமடக் கல்வி எளிதன்று. பூசை மந்திரங்களும் வேதசாஸ்திர நூல்களும் அந்நாளில் இலத்தீனிலேயே இருந்தமையால், தமிழ்ச் சிறுவன் முதலில் ஓர் அயல்மொழியைப் பல்லாண்டு கற்கவேண்டும். அதன்பின் தத்துவ சாஸ்திரம், அதன்பின் வேதசாஸ்திரம். இவற்றோடு பிரமசரியத்தை ஏற்பதற்கு மனத்தைத் திடப்படுத்திக்கொள்ளவும் வேண்டும். வாரிசை எதிர்பார்க்கும் குடும்பம் தன் மகனை இவ்வழியில் விடுவது சிறிய காரியமன்று.

இவ்வளவும் கற்று முடித்தவரை எந்த நிலையில் வைப்பது என்பதிலேதான் கருத்து வேற்றுமை மூண்டது. சுதேச குரு, ஐரோப்பியக் குருவின் உதவியாளராகவே இருக்கத்தக்கவர் என்று எண்ணியவர் பலர். பிரெசில்லாக் அதை ஏற்கவில்லை. சுதேச குருமாரும் சுதேச மேற்றிராணிமாரும் எழுந்தபின் அயல்நாட்டார் விலகிக்கொள்ள வேண்டும்; மிஷனின் நோக்கமே அதுதான் என்பது அவர் கொள்கை. சாதிப் பிரச்சினையும் அவரை வாட்டியது. சபைக்குள் சாதியாசாரங்களைப் பொறுத்துக்கொள்வதில் மிஷனரிமார் ரோமாபுரி வகுத்த எல்லையைக் கடக்கின்றனரோ என்ற ஐயம் அவர் மனச்சாட்சியை உறுத்தியது. தெளிவான தீர்ப்பு வேண்டினார்; மனநிறைவு தரும் விடை கிட்டவில்லை. 1855-இல் பதவி விலகினார். மறு ஆண்டில் லியோன் நகரில் ஆப்பிரிக்க மிஷன் சபையைத் தோற்றுவித்தார். 1859-இல் சியரா லியோன் நாட்டை அடைந்து, ஆறு வாரங்களுக்குள் கொள்ளை நோய்க்கு இரையானார். வயது நாற்பத்தைந்து.

அவர் தோற்றார் என்று சொல்லலாமா? விதைத்தவன் அறுவடையைக் காணாதது உண்மை. எனினும் 1886-இல் கோயம்புத்தூர் முழு மறைமாவட்டமாயிற்று. 1893-இல் இந்தியர்க்கும் இலங்கையர்க்குமென்று கண்டியில் பெரிய குருமடம் தொடங்கப்பெற்றது. அது 1955-இல் புனாவுக்கு மாறியது. 1923-இல் தூத்துக்குடியின் மேற்றிராணியாராகத் திபூர்சியுஸ் ரோச் ஆண்டகை என்னும் தமிழர் அமர்ந்தார். 1960-களில் கூடிய வத்திக்கான் சங்கத்திற்குப் பின்னர் பூசையும் தமிழிலேயே நடைபெறலாயிற்று.

பிற மாநிலங்களில் வாழும் நேயர்களுக்கு மற்றொரு தமிழரையும் நினைவூட்டுதல் பொருந்தும். திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையிற் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்குச் சென்று, அம்மக்களின் மொழியைக் கற்று, 1912-இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். கிராமத்து ஊழியர்களை அவரவர் மனைவியரோடு சேர்த்துப் பயிற்றுவித்தார். தாம் தெலுங்கரல்லர் என்பதை அவர் மறக்கவில்லை. தெலுங்கு மக்களிடையிலிருந்தே குருமாரை எழுப்புவதைத் தம் முதற்கடமையாகக் கொண்டார். பிரெசில்லாக் கோயம்புத்தூரில் விரும்பியதும் அதுவே.