மாஸ்டா எம்எக்ஸ்-5 தானுந்தில் உயர் ஐடில் வேகம்

உயர் ஐடில் வேகம் என்பது ஆக்ஸிலரேட்டர் மிதியில் கால் வைக்கப்படாத நிலையிலும் தானுந்தின் பொறி தனக்கு வகுக்கப்பட்ட வேகத்தைவிட விரைவாகச் சுழலும் பழுது ஆகும். முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 போன்ற பழைய ஸ்போர்ட்ஸ் வகைத் தானுந்துகளில் இது பரவலாகக் காணப்படுகின்றது. சில எளிய கருவிகளைக் கொண்டு வீட்டிலேயே இதன் காரணத்தைக் கண்டறிய இயலும்.

பின்னணி

எம்எக்ஸ்-5 தானுந்து 1989 ஆம் ஆண்டு சிகாகோ தானுந்துக் கண்காட்சியில் அறிமுகப்படுத்தப்பட்டது. வட அமெரிக்காவில் மியாட்டா எனவும், சப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் எனவும் விற்கப்பட்ட இதன் முதல் தலைமுறை 1997 வரை உற்பத்தி செய்யப்பட்டது. தொடக்கத்தில் 1.6 லிட்டர் பொறியும், 1994 மாதிரி முதல் 1.8 லிட்டர் பொறியும் பொருத்தப்பட்டன. இரண்டும் எரிபொருளை மின்னணு முறையில் உட்செலுத்துபவை. கைமுறைக் கியர் கொண்ட வண்டியில், பொறி சூடான பின்னர் ஐடில் வேகம் நிமிடத்துக்குச் சுமார் 850 சுற்றுகள் இருத்தல் வேண்டும். 50 சுற்றுகள் கூடுவதோ குறைவதோ ஏற்கத்தக்கது.

குளிர்ந்த பொறியில் வேகம் 1,000 சுற்றுகளுக்கு மேல் இருப்பதும், குளிர்சாதனம் இயங்கும்போது சற்று உயர்வதும் இயல்பானவை. பொறி முழுதும் சூடாகி, மின்சுமைகள் அணைக்கப்பட்ட பின்னரும் வேகம் இறங்காவிடில் மட்டுமே அது பழுதாகக் கருதப்படும்.

செயற்பாடு

ஐடில் நிலையில் த்ராட்டில் தகடு ஏறத்தாழ மூடியிருக்கும். பொறிக்கு வேண்டிய காற்று தகட்டைச் சுற்றிச் செல்லும் மூன்று மாற்று வழிகளில் கிடைக்கின்றது.

1. காற்றுத் திருகு: த்ராட்டில் உடலில் ரப்பர் மூடிக்குக் கீழ் உள்ளது. கையால் திருப்பக்கூடியது.
2. மின்காந்த வால்வு: கட்டுப்பாட்டுக் கணினியின் ஆணைப்படி திறந்து மூடுவது.
3. மெழுகு வால்வு: இதனூடாகப் பொறியின் கூலண்ட் ஓடுகின்றது. குளிரில் மெழுகு சுருங்குவதால் வழி திறந்திருக்கும். சூட்டில் மெழுகு விரிந்து வழியை அடைக்கும்.

எனவே உயர் ஐடில் என்பது பெரும்பாலும் தேவைக்கு மிஞ்சிய காற்று எங்கோ நுழைகின்றது என்பதன் அறிகுறியே ஆகும். அவ்வழியைக் கண்டறிவதே பணியின் சாரம்.

முன்னெச்சரிக்கை

வெளியேற்றப் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்ற நச்சு வளிமம். ஆகவே மூடிய கொட்டகைக்குள் பொறியை இயக்கலாகாது. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கைத்தடையை இட்டு, சக்கரங்களுக்கு அண்டை கொடுத்தல் வேண்டும். சூடான பொறியில் ரேடியேட்டர் மூடியைத் திறத்தல் கூடாது.

கண்டறியும் முறை

த்ராட்டில் கம்பி: பொறியை நிறுத்திவிட்டுக் கம்பியில் சிறிதளவு தளர்வு இருக்கின்றதா எனப் பார்க்க வேண்டும். மிதியைத் தடுக்கும் தரைவிரிப்பும் சிக்கிக்கொள்ளும் கம்பியும் தகட்டை முழுதும் மூடவிடா. ஓட்டத்தின்போது இது விபத்துக்கு வழிவகுக்கும் என்பதால் முதலில் சரிசெய்யப்பட வேண்டியது இதுவே.

கூலண்ட் அளவு: பொறி ஆறிய பின் ரேடியேட்டர் மூடியைத் திறந்து அளவைப் பார்க்க வேண்டும். கூலண்ட் குறைந்தாலோ குழாயில் காற்று தங்கினாலோ மெழுகு வால்வு சூடேறாது, திறந்தே இருக்கும்.

காற்றுக் கசிவு: வெற்றிடக் குழாய்கள் ஆண்டுகள் செல்லச் செல்லக் காய்ந்து வெடிக்கின்றன. பொறி இயங்குகையில் அவற்றை ஒவ்வொன்றாக இடுக்கியால் மெதுவாக நெரித்தால், கசியும் குழாயில் வேகம் குறையும். கேஸ்கட் இணைப்புகளில் நீரைத் துளித்துளியாகத் தெளித்தும் கசிவை அறியலாம். தீப்பற்றும் தெளிப்பான்களைச் சூடான பொறியில் பயன்படுத்துவது ஆபத்தானது. 1.6 லிட்டர் பொறியின் காற்றளவி எரிபொருள் பம்பின் சுவிட்சையும் உள்ளடக்கியது. ஆகவே காற்றளவிக்கும் த்ராட்டிலுக்கும் இடையிலுள்ள பெரிய குழாயைக் கழற்றினால் பொறி நின்றுவிடும்.

மின்காந்த வால்வு: ஐடிலில் இதன் மின்இணைப்பைக் கழற்றினால் வால்வு மூடிக்கொள்ளும். வேகம் இறங்கினால் மிகைக்காற்று இவ்வழியே வந்துள்ளது எனக் கொள்ளலாம். எவ்வித மாற்றமும் இல்லையெனில், வால்வு இறுகியிருக்கலாம் அல்லது காற்று வேறு வழியில் நுழையலாம்.

வெப்ப உணரி: கணினிக்கான உணரியும் முகப்பு அளவிக்கான உணரியும் வெவ்வேறானவை. முகப்பில் சூடு சரியாகக் காட்டினாலும், கணினி பொறியைக் குளிர்ந்ததாக எண்ணக்கூடும். கணினி உணரியின் மின்தடை 20 பாகை செல்சியசில் சுமார் 2.5 கிலோ ஓமும், 80 பாகையில் சுமார் 0.3 கிலோ ஓமும் இருத்தல் வேண்டும்.

வேகத்தைச் சீரமைத்தல்

மேற்கண்டவை அனைத்தும் சரியெனத் தெரிந்த பின்னரே காற்றுத் திருகைத் தொட வேண்டும். பொறி அறையிலுள்ள சோதனைப் பெட்டியில் டிஇஎன், ஜிஎன்டி ஆகிய முனைகளை ஒரு கம்பியால் இணைத்தால், கணினி தன் ஐடில் திருத்தத்தையும் தீப்பொறி நேரத் திருத்தத்தையும் நிறுத்திவைக்கும். இந்நிலையில் முதலில் தீப்பொறி நேரம் மேல் இறுதிநிலைக்கு 10 பாகை முன்னதாக உள்ளதா எனச் சோதித்தல் வேண்டும், ஏனெனில் நேரம் முந்தினால் ஐடில் வேகமும் உயரும். பின்னர் காற்றுத் திருகை வலஞ்சுழியாகத் திருப்பினால் வேகம் குறையும், இடஞ்சுழியாகத் திருப்பினால் கூடும். 850 சுற்றுகளில் நிறுத்தியபின் இணைப்புக் கம்பியை அகற்றிவிட வேண்டும். த்ராட்டில் தகட்டின் நிறுத்தத் திருகு ஆலையிலேயே அமைக்கப்பட்டது. அதை மாற்றுதல் கூடாது.

முக்கியத்துவம்

காரணம் அறியாமல் காற்றுத் திருகை இறுக்கி வேகத்தைக் குறைப்பது நோயை விட்டு அறிகுறியை மறைப்பதற்கு ஒப்பானது. கூலண்ட் குறைவினால் உயர்ந்த ஐடிலை இவ்வாறு மறைத்தால் கசிவு தொடரும். இறுதியில் பொறி மிகையாகச் சூடேறி அலுமினியத்தாலான சிலிண்டர் தலை வளைந்துபோகலாம். மறுபுறம், சோதிக்காமல் வால்வுகளை மாற்றுவது ஒரு சிறு ரப்பர் குழாயின் பழுதுக்குப் பெருஞ்செலவை வரவழைக்கும்.

இவற்றையும் பார்க்க

உள் எரி பொறி
எரிபொருள் உட்செலுத்தல்
த்ராட்டில்