கணப்படுப்பின் மரமும் தந்தையின் கைகளும்

நூறாண்டுகளுக்கும் மேலாக ஓர் ஆங்கிலேய வீட்டின் கணப்படுப்புக்கு மேலே சட்டமாக இருந்தது ஒரு மகோகனி மரத்துண்டு. குளிர்காலம்தோறும் அதன் கீழே நெருப்பு எரிந்தது. எத்தனையோ தலைமுறையினர் அதன் அருகே அமர்ந்து கை காய்ந்தனர். பின்னர் அந்தக் கணப்படுப்பு வேண்டாததாயிற்று. மரம் ஆங்காங்கே உளுத்துத் துளை விழுந்திருந்தது. விறகாகப் போயிருக்க வேண்டிய அந்தத் துண்டு, பதினாறு வயதுச் சிறுவன் ஒருவனின் கையை வந்தடைந்தது. பின்னாளில் உலகெங்கும் இலட்சக்கணக்கானோர் கேட்ட இசைக்கருவி ஒன்றின் கழுத்தாக அது மாறியது. இது புனைகதையன்று; நம் காலத்தில் நடந்த வரலாறு.

சிறுவனின் பெயர் பிரையன் மே. இலண்டனை அடுத்த ஃபெல்தம் என்னும் ஊரில் வாழ்ந்த எளிய குடும்பம் அவனுடையது. தந்தை ஹரால்டு மே அரசின் வானூர்தித் துறை அமைச்சகத்தில் வரைபடக் கலைஞர். மின்னணுக் கருவிகளில் தேர்ந்தவர். வீட்டுக்கு வேண்டியவற்றைத் தம் கையாலேயே செய்துகொள்ளும் இயல்பினர். மகனுக்கு மின்கிதார் மீது தீராத ஆசை. அமெரிக்காவிலிருந்து வரும் ஃபெண்டர், கிப்சன் கிதார்களைக் கடைக் கண்ணாடி வழியே பார்க்கலாம், வாங்குவதற்குப் பணமில்லை. "வாங்க முடியாவிட்டால் என்ன, செய்துவிடுவோம்" என்ற முடிவுக்குத் தந்தையும் மகனும் வந்தனர். 1963-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் வேலை தொடங்கிற்று.

அவர்கள் செய்யத் துணிந்தது என்ன என்பதை அறிய, மின்கிதார் பிறந்த கதையைச் சற்றுத் திரும்பிப் பார்க்க வேண்டும்.

கிதார் மென்மையான குரலுடைய கருவி. எக்காளமும் முரசும் முழங்கும் இசைக்குழுவில் அதன் ஒலி அமுங்கிப் போகும். 1920-களில் அமெரிக்க இசைக்கலைஞர்களை வாட்டிய குறை இதுவே. லாஸ் ஏஞ்சலஸ் நகரில் ஹவாய் கிதார் வாசித்துவந்த ஜார்ஜ் போஷாம் என்பவர் இதற்கு விடை தேடினார். அந்த விடையின் வேர் 1831-ஆம் ஆண்டில் இருந்தது. கொல்லர் ஒருவரின் மகனாகப் பிறந்து, புத்தகம் கட்டும் தொழில் பழகி, பின்னர் அறிவியலாளராகி, கடைசிவரை ஆழ்ந்த கிறிஸ்தவ நம்பிக்கையில் வாழ்ந்த மைக்கேல் ஃபாரடே அவ்வாண்டில்தான் மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்தார். கம்பிச் சுருளின் அருகே காந்தப்புலம் மாறினால், சுருளில் மின்னோட்டம் பிறக்கும் என்பதே அவர் கண்ட உண்மை.

போஷாம் அதைக் கிதாருக்குப் பொருத்தினார். காந்தத்தின் அருகே மெல்லிய செப்புக் கம்பியைப் பல ஆயிரம் சுற்றுகளாகச் சுற்றி, அதன்மேல் எஃகுத் தந்திகள் செல்லும்படி அமைத்தார். தந்தி அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது. சுருளில் நுண்ணிய மின்னோட்டம் பிறக்கிறது. ஒலிபெருக்கி அதைப் பெரிதாக்கித் தருகிறது. பிக்கப் என்று அழைக்கப்படும் உறுப்பு இதுதான். அதற்குக் காது இல்லை. காற்றில் பரவும் ஒலியை அது கேட்பதில்லை. எஃகுத் தந்தியின் அசைவை மட்டுமே உணர்கிறது.

போஷாமும் அடால்ஃப் ரிக்கன்பேக்கரும் சேர்ந்து 1932-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த கருவி அலுமினியத்தில் வார்க்கப்பட்டது. வட்ட உடலும் நீண்ட கைப்பிடியுமாக இருந்ததால், "வாணலி" என்பதே அதன் பட்டப்பெயராயிற்று. மேடை விளக்கின் சூட்டில் உலோகம் விரிந்து சுருதி கலைந்தது. ஆகவே பேக்கலைட்டில் செய்து பார்த்தார்கள். காப்புரிமை 1937-இல்தான் கிடைத்தது. அதற்குள் பிறரும் இவ்வழியில் வந்துவிட்டனர். கிப்சன் நிறுவனம் 1936-இல் வெளியிட்ட மின்கிதாரைக் கொண்டு, சார்லி கிறிஸ்டியன் என்ற கறுப்பின இளைஞர் ஜாஸ் இசையின் போக்கையே மாற்றினார். காசநோய் அவரை 1942-இல், 25 வயதிலேயே கொண்டுபோயிற்று.

அடுத்த சிக்கல் மரத்தால் வந்தது. உள்ளீடற்ற கிதார் உடல், ஒலிபெருக்கியிலிருந்து வரும் ஓசையைத் தானே வாங்கி மீண்டும் அதிர்ந்து, ஊளையிடத் தொடங்கியது. லெஸ் பால் என்ற கலைஞர் 1940-ஐ ஒட்டி, நான்கு அங்குலச் சதுரமான பைன் கட்டை ஒன்றில் தந்தியும் பிக்கப்பும் பூட்டி வாசித்தார். ஊளை நின்றது; ஆனால் கேட்டவர்கள் அசையவில்லை. அதே கட்டையின் இருபுறமும் பழைய கிதாரின் பாதிகளை ஒட்டிக் கிதார்போல் தோன்றச் செய்ததும் கைதட்டல் எழுந்தது. மக்கள் கண்ணாலும் கேட்கிறார்கள் என்ற பாடத்தை அன்று கற்றதாக அவர் பின்னாளில் சொன்னதுண்டு. வெளித்தோற்றத்தைக் கொண்டு எடைபோடும் நம் பழக்கத்துக்கு இதைவிட நல்ல உவமை கிடைக்காது.

அதே நாட்டின் கலிபோர்னியா மாநிலத்தில், ஃபுல்லர்டன் ஊரில் வானொலி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவர் லியோ ஃபெண்டர். சிறுவயதில் ஒரு கண்ணை இழந்தவர். கிதார் வாசிக்கத் தெரியாதவர். வாசிப்பவர்களின் குறைகளைப் பொறுமையாகக் கேட்டு, அதற்கேற்பக் கருவியைத் திருத்துவதே அவர் வழி. கழுத்தை ஒட்டாமல் திருகாணியால் பூட்டினார். பழுதானால் கழற்றி மாற்றலாம். 1950-இல் வந்த அவரது கிதார், 1951-இல் டெலிகாஸ்டர் என்று பெயர் பெற்றது. 1954-இல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வந்தது. முதலில் ஆஷ் மரத்தால் உடலைச் செய்தவர், 1956-ஐ ஒட்டிப் பெரும்பாலும் ஆல்டர் மரத்துக்கு மாறினார். மோட்டார் வாகனங்களுக்குப் பூசும் லாக்கர் வண்ணங்களையே கிதாருக்கும் பூசினார். கிப்சன் நிறுவனமோ மகோகனி உடலின்மேல் மேப்பிள் மரத்தை ஒட்டி, 1952-இல் லெஸ் பால் பெயரிலேயே கிதார் வெளியிட்டது. அந்நிறுவனத்தின் சேத் லவர், மின்விளக்குகளிலிருந்தும் மின்கம்பிகளிலிருந்தும் பிக்கப்புக்குள் புகும் "உம்" என்ற இரைச்சலைப் போக்க வழி கண்டார். காந்த முனைகள் எதிரெதிராக அமைய இரு சுருள்களை எதிர்த் திசையில் இணைத்தார். இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொண்டது. தந்தியின் ஒலியோ ஒன்றோடொன்று கூடி வலுத்தது. அதற்கான காப்புரிமை 1959-இல் கிடைத்தது.

இந்தப் பெயர்களுக்குப் பின்னே நின்ற தொழிலாளர்களையும் மறக்கலாகாது. ஃபெண்டர் தொழிற்சாலையில் 1956-இல் சேர்ந்த அபிகேல் இபார்ரா என்ற பெண்மணி, பல்லாண்டுகள் செப்புக் கம்பியைச் சுருளாகச் சுற்றும் வேலையைச் செய்தார். தலைமுடியினும் மெல்லிய கம்பி அது. இழுப்பு மிகுந்தால் அறும், குறைந்தால் தளரும். அவர் தம் பெயரின் முதலெழுத்துகளை இட்ட சுருள்களை இன்று சேகரிப்போர் தேடி வாங்குகின்றனர். உழைப்பின் மதிப்பு முதன்மையாகச் செய்யப்படும் பொருளிலன்று, செய்யும் மனிதரிலேயே இருக்கிறது என்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், மனித உழைப்பைப் பற்றிய தம் 1981-ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் கற்பித்தார். அந்தச் சிறிய எழுத்துகள் அதற்குச் சான்று.

இனி ஃபெல்தம் வீட்டுக்குத் திரும்புவோம். கணப்படுப்பின் மகோகனிச் சட்டத்தைக் கைக்கருவிகளால் செதுக்கிக் கழுத்தாக்கினர். உளுத்த துளைகளைத் தீக்குச்சிகளால் அடைத்தனர். உடலின் நடுப்பாகம் பழைய மேசை ஒன்றின் ஓக் மரம், சுற்றிலும் பிளாக்போர்டு, மேலே மகோகனி வெனீர். உள்ளே சில இடங்களில் வேண்டுமென்றே வெற்றிடம் விட்டனர். லெஸ் பால் ஒழிக்க முயன்ற அதே ஊளையை, இவர்கள் அளவோடு அடக்கி இசையாக்க விரும்பினர். விரற்பலகையில் மெட்டுகளின் இடம் காட்டும் வெண்புள்ளிகள், தாயின் தையற்பெட்டியிலிருந்து வந்த முத்துச்சிப்பிப் பொத்தான்கள். தந்திகளின் இழுப்பைத் தாங்கும் சுருள்வில்கள் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் இயந்திரத்தினுடையவை. தந்திகளை அசைத்து ஒலியை நெளிக்க உதவும் கைப்பிடியின் நுனி, தாயின் பின்னல் ஊசியிலிருந்து வெட்டியது. மரத்துக்குச் செந்நிறச் சாயமேற்றி, மேலே பளபளப்பான பூச்சைப் பலமுறை பூசித் தேய்த்தனர். செலவு ஏறத்தாழ 8 பவுண்டு என்பர்.

பிக்கப்பையும் அவர்களே செய்து பார்த்தனர். காந்தம் வாங்கிச் செப்புக் கம்பி சுற்றினர். ஒலி நன்றாகவே வந்தது. ஆனால் தந்தியை விரலால் பக்கவாட்டில் இழுத்து வளைத்தபோது விரும்பத்தகாத கரகரப்பு எழுந்தது. காந்த முனைகளை அமைத்த முறையே அதற்குக் காரணம். பல நாள் உழைப்பு வீணாயிற்றே என்று மனம் உடையவில்லை. அதை எடுத்துவிட்டு, பர்ன்ஸ் நிறுவனத்தின் மூன்று பிக்கப்புகளை வாங்கிப் பொருத்தினர். அவற்றின் சுருள்கள் தாமே அதிர்ந்து கீச்சிடாதபடி உள்ளே அரால்டைட் பசையை ஊற்றி இறுக்கினர். ஒவ்வொரு பிக்கப்புக்கும் இரண்டு விசைகள்: ஒன்று அதை இயக்கவும் நிறுத்தவும், மற்றொன்று அதன் மின்னோட்டத் திசையை மாற்றவும். எனவே ஒரே கருவி பல குரல்களில் பேசிற்று. இவ்வாறாக ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் வேலை நீண்டது. "ரெட் ஸ்பெஷல்" என்ற பெயர் பின்னர் வந்து ஒட்டிக்கொண்டது.

ஆனால் நான் இக்கட்டுரையை எழுதக் காரணம் அந்தக் கருவியின் நுட்பம் மட்டுமன்று. அதன் பிறகு அந்த வீட்டில் நிகழ்ந்ததும்தான்.

மகன் இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் இயற்பியல் பயின்றான். கோள்களிடையே பரவியுள்ள தூசியை ஆராய்ந்து முனைவர் பட்டத்துக்கு உழைத்தான். 1970-இல் குயீன் என்ற இசைக்குழு உருவாயிற்று. (அதன் பாடகர் ஃபிரெடி மெர்குரி, நம் நாட்டின் பஞ்ச்கனியில் பள்ளிக்கல்வி பெற்றவர்.) குழு வளர, ஆய்வு நின்றது. தந்தைக்கு அது தாங்கவொண்ணாத துயரம். பிள்ளையின் படிப்புக்காகத் தம் வசதிகளைத் துறந்தவர் அவர். நிலையற்ற மேடை வாழ்வுக்காக அனைத்தையும் மகன் வீசியெறிந்துவிட்டதாகவே அவர் எண்ணினார். இருவருக்கும் இடையே நெடுநாள் பேச்சு அரிதாயிற்று. எண்ணிப் பாருங்கள்: மகனை வீட்டிலிருந்து அழைத்துச் சென்ற அந்தக் கருவியைச் செதுக்கியவை தந்தையின் கைகளும் அல்லவா?

நம் இல்லங்களிலும் இது நடப்பதுதான். பிள்ளைக்கு நாம் ஒன்றைக் கற்றுக்கொடுக்கிறோம். அதை அவன் எங்கே எடுத்துச் செல்வான் என்பது நம் கையில் இல்லை. நாசரேத்தூர்த் தச்சுக்கூடத்தில் சூசையப்பரும் தம்மிடம் தொழில் பழகிய மகனை நோக்கி இப்படித் திகைத்ததுண்டு. பன்னிரண்டு வயதில் அவர் எருசலேம் கோவிலில் தங்கிவிட்டபோது, தேடியலைந்த பெற்றோருக்குக் கிடைத்த மறுமொழி அவர்களுக்கே விளங்கவில்லை என்று நற்செய்தியாளர் லூக்கா எழுதுகிறார்.

ஹரால்டு மேயின் கதை மனக்கசப்பில் முடியவில்லை. சில ஆண்டுகளுக்குப் பின் மகன் பெற்றோரை நியூயார்க்குக்கு அழைத்துச் சென்றார். மாடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் திரண்டிருந்த ஆயிரக்கணக்கானோர் நடுவே, தாம் கூடிச் செய்த கருவி பேசக் கேட்டார் தந்தை. இப்போது புரிகிறது என்ற பொருளில் அன்று அவர் சொன்னதை மகன் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். 1988-இல் ஹரால்டு மறைந்தார். மகன் விட்ட ஆய்வை மீண்டும் எடுத்து, 2007-இல் முனைவர் பட்டம் பெற்றார். அதைக் காணத் தந்தை இல்லை.

அந்த வேலை தொடங்கிய அதே 1963-ஆம் ஆண்டு, டிசம்பர் 4-ஆம் நாள், இரண்டாம் வத்திக்கான் திருச்சங்கம் திருவழிபாட்டைப் பற்றிய தன் ஏட்டை வெளியிட்டது. குழாய் ஆர்கனுக்கு உயர்ந்த இடம் தந்த அவ்வேடு, திருச்சபை அதிகாரத்தின் இசைவோடு பிற கருவிகளையும் ஏற்க வழி திறந்தது. அவை தூய பயன்பாட்டுக்கு ஏற்றவையாயும், ஆலயத்தின் மாண்புக்குப் பொருந்துவனவாயும், மக்களின் பக்தியை வளர்ப்பனவாயும் இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. அவ்வழியேதான் நம் பங்குகளின் பாடகர் குழுவுக்குள் கிதார் நுழைந்தது. அதைக் குறித்து மூத்தோரும் இளையோரும் வாதிட்டதை நாம் அறிவோம். அந்த வாதம் தேவையானதே. ஓசை மிகுந்து செபம் அமுங்குமானால் மூத்தோர் பக்கமே நியாயம். ஆயினும் இளைஞன் ஒருவன் கிதாரோடு வாசலில் நிற்கும்போது, அவன் கையிலிருப்பதை வெறும் இரைச்சற்பெட்டி என்று எண்ணிவிட வேண்டாம். அதற்குள் ஃபாரடேயின் தேடல் இருக்கிறது. முகந்தெரியாத பெண்களின் விரல் உழைப்பு இருக்கிறது. ஏதோ ஒரு காட்டின் மரமும் இருக்கிறது.

1950-களின் இறுதியில் கிப்சன் பூசிய செந்நிறச் சாயம் வெயிலில் வெளுத்துத் தேன் நிறமாயிற்று. லாக்கர் பூச்சு குளிரிலும் வெப்பத்திலும் மெல்லிய கோடுகளாக வெடித்தது. அன்று குறைகளாகத் தோன்றியவற்றையே இன்று பெருவிலை கொடுத்து வாங்குகின்றனர். ஃபெல்தம் கிதாரும் தேய்ந்தது. 1998-இல் அதைப் பழுதுபார்த்துச் செப்பனிட்டனர். 2002-இல் பக்கிங்காம் அரண்மனையின் கூரைமேல் நின்று பிரையன் மே நாட்டுப்பண் வாசித்ததும் அக்கருவியில்தான்.

அதன் கழுத்தில், பூச்சுக்கு அடியில், அந்தத் தீக்குச்சிகள் இன்னும் இருக்கின்றன. கேட்பவர் எவருக்கும் அவை தெரிவதில்லை. துளைகளை அடைத்த இருவருக்கு மட்டும் அவற்றின் இடம் தெரிந்திருந்தது.