சூரியனைப் படியெடுத்த மலை

சாகக் கிடக்கிற ஹார்ட் டிஸ்க்கைச் சரிசெய்யப் பார்க்கக் கூடாது. முதலில் காப்பி எடுக்க வேண்டும். என் தொழிலில் இதற்கு மேல் ஒரு விதி கிடையாது. உள்ளே இருக்கும் தட்டு நிமிடத்துக்கு 5,400 முறையோ 7,200 முறையோ சுற்றிக்கொண்டிருக்கிறது. படிக்கும் ஹெட் அதைத் தொடாமல், மிக மெல்லிய காற்றுப் படலத்தின் மேல் மிதக்கிறது. அந்த ஹெட் தடுமாறத் தொடங்கிவிட்டால் ஒவ்வொரு முறை கரண்ட் கொடுக்கும்போதும் ஆயுள் கொஞ்சம் குறைகிறது. ஆன் செய்து பார்ப்பது, ஸ்கேன் ஓட்டுவது, வைரஸ் இருக்கிறதா என்று தேடுவது எல்லாமே மிச்சமிருப்பதைத் தின்னும் காரியங்கள். அதனால் கடைக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: “கெட்டுப்போனதுக்கு அப்புறம் எத்தன தடவ போட்டுப் பாத்தீங்க?”

கோடைக்கானலில் மூஞ்சிக்கல் பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். காட்டேஜ்காரர்கள், பள்ளிக்கூடங்கள், கல்யாண வீடியோ எடுக்கிறவர்கள், பூண்டு வியாபாரிகள் என்று எல்லாரும் வருவார்கள். ஆனால் அழிந்துகொண்டிருக்கும் ஒன்றிலிருந்து இன்னும் அழியாத ஒன்றுக்கு மாற்றுகிற வேலையை இந்த ஊரில் மிகப் பெரிய அளவில், மிகப் பொறுமையாகச் செய்தவர்கள் மேலே அப்சர்வேட்டரியில் இருந்தவர்கள். கோடைக்கானலைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஏரியைச் சொல்வார்கள், குறிஞ்சியைச் சொல்வார்கள். இந்த மலை நூறு ஆண்டுக்கு மேலாகச் சூரியனைப் படமெடுத்துச் சேர்த்து வைத்திருக்கிறது என்பதை இங்கே பிறந்த பிள்ளைகளுக்கே சரியாகச் சொல்லித் தருவதில்லை. எனக்கு அது பெரிய மனக்குறை.

கதை பஞ்சத்தில் தொடங்குகிறது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு, மழை ஏன் பொய்க்கிறது என்று அரசாங்கம் யோசிக்க ஆரம்பித்தது. சூரியனில் தெரியும் கரும்புள்ளிகள் ஏறக்குறைய 11 ஆண்டுக்கு ஒருமுறை கூடிக் குறைகின்றன. பருவமழைக்கும் அதற்கும் தொடர்பு இருக்குமோ என்ற கேள்வி அப்போது பலமாக எழுந்தது. அதற்குத் தினமும் சூரியனைப் பார்க்க வேண்டும். நுங்கம்பாக்கத்தில் 1792 முதல் நடந்துவந்த மெட்ராஸ் வானாய்வகம் நட்சத்திரங்களைக் குறித்துப் பெயர் வாங்கியதுதான், ஆனாலும் கடலோரத்துப் புழுக்கமும் தூசியும் சூரிய வேலைக்கு ஒத்துவரவில்லை. நீலகிரியையும் பழனி மலையையும் ஒப்பிட்டுப் பார்த்த வானியலாளர் சார்ல்ஸ் மிச்சி ஸ்மித் கோடைக்கானலைத் தேர்ந்தெடுத்தார். 1895-ல் ஆளுநர் வென்லாக் பிரபு அடிக்கல் நாட்டினார். 1899 ஏப்ரலில் வேலை மலைக்கு மாறியது. மோட்டார் சாலை முதல் உலகப் போர்க் காலத்தில்தான் வந்தது. அதற்கு முன் இங்கே எது வந்தாலும் பெரியகுளம் பக்கத்திலிருந்து மலைப்பாதையில் ஆள் தூக்கித்தான் வர வேண்டும். கண்ணாடி லென்சும் பித்தளைக் குழாயும் ஏறிவந்த பாதையில் ஒரு பகுதியையாவது இன்றைக்கும் நடந்து பார்க்கலாம். கால் வலிக்கும்போதுதான் அந்தச் சுமையின் கனம் புரியும்.

சுமார் 2,343 மீட்டர் உயரம். காலையில் மேகம் கீழே பள்ளத்தாக்கில் கிடக்கும். வெயில் ஏற ஏற அதுவும் ஏறி வந்து மலையை மூடும். அதனால் இங்கே சூரியனை அதிகாலையிலேயே பிடித்துவிட வேண்டும். 1904 முதல் வெண்ணொளிப் படங்கள் எடுத்தார்கள். கால்சியம் ஒளியில் மட்டும் சூரியன் எப்படித் தெரிகிறது என்று காட்டும் படங்களும் அந்தக் காலத்திலேயே தொடங்கின. 1907 முதல் 2007 வரை அவை ஒரு நூற்றாண்டுத் தொடராக நிற்கின்றன. சில ஆண்டுகள் கழித்து ஹைட்ரஜனின் சிவப்பு ஒளியிலும் எடுத்தார்கள். 1907-ல் வந்து சேர்ந்த ஜான் எவர்ஷெட், 1909 ஜனவரியில் கரும்புள்ளியின் ஓரத்தில் வாயு வெளிப்பக்கமாக ஓடுவதைக் கண்டுபிடித்தார். அவர் மனைவி மேரி, சூரிய விளிம்பில் எழும் தீக்கொழுந்துகளைப் பற்றி அவரோடு சேர்ந்து எழுதிய பெரிய ஆய்வு 1917-ல் வெளிவந்தது. கண்டுபிடிப்பைத்தான் உலகம் நினைவில் வைத்திருக்கிறது. என் மனம் போய் நிற்பது தினமும் ஒரு தகடு கழுவிக் காயவைத்து, உறையில் தேதி எழுதி அடுக்கிய ஊழியர்களிடம்.

தகடு என்றால் கண்ணாடி. அதன் மேல் ஜெலட்டின் பசை, பசைக்குள் வெள்ளி. கண்ணாடி கீழே விழுந்தால் உடையும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அதைவிட மோசமான எதிரி இந்த ஊரின் ஈரம். என் அப்பா இங்கே போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தவர். நெகடிவ் அலமாரிக்குள் இரவு பகலாக ஒரு சின்ன குண்டு பல்பு எரிந்துகொண்டே இருக்கும். “வெளிச்சத்துக்கு இல்லடா தம்பி, சூட்டுக்கு” என்பார். அந்தச் சூடு இல்லாவிட்டால் ஐப்பசி மூடுபனியில் ஜெலட்டினில் பூசணம் பிடித்துவிடும். முகம் இருந்த இடத்தில் நூல் நூலாகக் கிளை விடும். எழுபதுகளில் அப்சர்வேட்டரியும் தகட்டை விட்டுப் பிலிமுக்கு மாறியது. பிலிம் உடையாது, ஆனால் அசிட்டேட் பிலிம் காலப்போக்கில் புளித்த காடி நெடி அடித்துச் சுருங்கும். எதில் பதித்தாலும் அதற்கென்று ஒரு சாவு இருக்கிறது.

ஆகவே காப்பி எடுத்தார்கள். ஒரே தடவையில் இல்லை, தலைமுறைக்கு ஒரு விதமாக. என் தொழிலுக்கு இந்த வரலாற்றில்தான் பாடம் இருக்கிறது.

முதல் காப்பி எண்களாக இருந்தது. கே.ஆர். சிவராமன், எஸ்.எஸ். குப்தா, அமெரிக்காவின் ராபர்ட் ஹோவர்ட் ஆகியோர் 1906 முதல் 1987 வரையிலான வெண்ணொளிப் படங்களை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கரும்புள்ளியின் இடத்தையும் பரப்பையும் அளந்து கணினிக்குள் ஏற்றினார்கள். ஹோவர்ட் இதே வேலையை மவுண்ட் வில்சன் தகடுகளில் முன்பே செய்து பழகியவர். 1993-ல் அந்த முடிவுகள் வெளிவந்தன. படம் தகட்டிலேயே தங்கிவிட்டது, அளவுகள் மட்டும் வெளியே வந்தன. அன்றைய கணினியின் கொள்ளளவுக்கு அவ்வளவுதான் முடிந்தது. அந்த எண்களை வைத்தே சூரியனின் வெவ்வேறு அகலாங்குகள் எவ்வளவு வேகத்தில் சுழல்கின்றன, கரும்புள்ளிக் கூட்டங்கள் எந்தக் கோணத்தில் சாய்ந்திருக்கின்றன என்றெல்லாம் பார்த்தார்கள்.

அடுத்து கால்சியம் படங்களைப் படமாகவே எடுத்தார்கள், 8 பிட் அளவில். அதாவது கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே 256 படி. கண்ணுக்கு அது போதும், திரையில் பார்த்தால் அழகாகவே இருக்கும். ஆனால் சூரியனின் ஓரம் நடுவைவிட மங்கலானது. அந்த மங்கலுக்குள் கிடக்கும் சின்னச் சின்ன வெளிச்ச வேறுபாடுகள் 256 படிக்குள் நசுங்கிப்போகின்றன. ஆராய்ச்சிக்காரர்களுக்கு வேண்டியது அங்கேதான் இருந்தது.

எனவே மூன்றாம் முறை, முதலிலிருந்து. ஜக்தேவ் சிங் முதலானோர் முன்னின்று நடத்திய வேலை அது. உட்பக்கம் வெள்ளையாகப் பூசிய கோளத்துக்குள் விளக்கின் ஒளியைச் சிதறவிட்டு, எங்கும் ஒரே சீராக்கி, அதன் முன் தகட்டை வைத்து, குளிரூட்டிய சிசிடி கேமராவால் எடுத்தார்கள். ஒவ்வொரு படமும் 4096-க்கு 4096 புள்ளி, 16 பிட். இம்முறை 65,536 படி. ஒரு தகட்டுக்குக் கிட்டத்தட்ட 32 எம்பி. நூறு ஆண்டுத் தகடுகளையும் ஒவ்வொன்றாக உறையிலிருந்து எடுத்து, தூசி தட்டி, வைத்து, எடுத்து, மறுபடி உறையில் போடும் வேலை. அந்த வேலைக்கு எந்த விருதும் போதாது என்பேன்.

இந்தப் புதிய காப்பியிலிருந்து வந்தது என்ன? கால்சியம் ஒளியில் பளிச்சென்று தெரியும் இடங்கள் காந்தப்புலம் வலுத்த இடங்கள். சூரியனின் காந்தப்புலத்தை முழு வட்டத்துக்கும் அன்றாடம் நேரடியாக அளக்கும் பழக்கம் எழுபதுகளை ஒட்டித்தான் வேரூன்றியது. அதற்கு முந்தைய அறுபது, எழுபது ஆண்டுகளின் காந்தக் கதையை இப்போது கோடைக்கானல் தகடுகளை வைத்துத் திருப்பிக் கட்டுகிறார்கள். 1907-ல் ஷட்டரைத் திறந்தவருக்கு இப்படி ஒரு பயன் இருக்கும் என்று தெரிந்திருக்க வழியில்லை. கரும்புள்ளியில் காந்தப்புலம் இருக்கிறது என்று வானியலாளர் ஹேல் கண்டதுகூட 1908-ல்தான்.

வெண்ணொளிப் படங்களிலிருந்து எடுத்த கரும்புள்ளிப் பரப்புப் பட்டியல் முதலில் 1921 முதல் 2011 வரைக்கும் வந்தது. தொடக்க ஆண்டுகளின் படங்களைக் கையாள்வது கடினம். அதனால் சுலபமானதை முதலில் முடித்துவிட்டு, பிறகு திரும்பிப்போய் 1904 வரை நீட்டினார்கள். அந்தப் பக்கம் 2017 வரை. இதைப் படித்தபோது நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நான் தினம் ஓட்டும் டிடிரெஸ்க்யூ மென்பொருள் செய்வதும் இதுதான். ஸ்பெயின்காரர் அந்தோனியோ டியாஸ் எழுதி 2004 முதல் இலவசமாகத் தரும் புரோகிராம் அது. பழுதான டிஸ்க்கில் நல்ல இடங்களை வேகமாக வாரிக்கொண்டு போகும்; முரண்டு பிடிக்கும் இடத்தைத் தாண்டிவிடும். எல்லாம் முடிந்த பிறகு திரும்பி வந்து, எதிர்ப்பக்கத்திலிருந்து நெருங்கும். கடைசியில் செக்டர் செக்டராகக் கெஞ்சிக் கேட்கும். எதை எடுத்தோம், எதை விட்டோம் என்பதை ஒரு மேப் பைலில் குறித்துக்கொண்டே போகும். மழைக்காலத்தில் இங்கே கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. அந்தக் குறிப்பு இருப்பதால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். குறிப்பு இல்லாத காப்பியை நான் பாதி வேலை என்றுதான் சொல்வேன்.

தகடுகளிலும் இதே குறிப்புச் சிக்கல் வந்தது. டிஜிட்டல் ஆக்கிய படங்களில் சிலவற்றின் வடக்கு எது, எடுத்த நேரம் சரிதானா என்று ஐயம் கிளம்பியது. நேரம் தவறினால் சூரியனைத் திருப்பி வைக்கும் கோணம் தவறும். கோணம் தவறினால் கரும்புள்ளி வேறு அகலாங்குக்குப் போய்விடும். தகட்டின் ஓரத்தில் கையால் போட்ட குறியும் பதிவேட்டில் மையால் எழுதிய நேரமும் அப்போது படத்துக்குச் சமமான செல்வமாகிவிடுகின்றன. ஓரத்தை வெட்டிவிட்டு நடு வட்டத்தை மட்டும் காப்பி எடுத்திருந்தால் கேட்க நாதி இருந்திருக்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கிரீன்விச் வானாய்வகம் 1874 முதல் நாள் தவறாத சூரியப் படத் தொடரை வைத்திருந்தது. லண்டன் வானத்தில் அது நடக்கிற காரியமா? மேகம் மறைத்த நாட்களின் ஓட்டையை அடைக்க வேறு ஊர்களின் படங்களையும் சேர்த்துக்கொண்டார்கள். அவற்றில் கோடைக்கானலும் உண்டு. 1976-ல் கிரீன்விச் அந்தத் தொடரை நிறுத்திக்கொண்டது. இங்கே நிற்கவில்லை.

இப்போது அந்தத் தகடுகள் பைல்களாகிவிட்டன, பைல்கள் டிஸ்க்குகளில் இருக்கின்றன. டிஸ்க் என் மேஜைக்கு வரும் பொருள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதியதற்கு மாற்றியே ஆக வேண்டும். மாற்றுவதற்கு ஆளும் பணமும் ஒதுக்கியே ஆக வேண்டும். புதிய தொலைநோக்கிக்குக் கிடைக்கும் மரியாதை இந்த வேலைக்கும் கிடைக்க வேண்டும் என்று உரக்கச் சொல்வேன். அதேபோல் கண்ணாடியையும் விட்டுவிடக் கூடாது. 8 பிட்டில் எடுத்தாயிற்று என்று அன்றைக்கே தகடுகளைக் கழித்துக் கட்டியிருந்தால் மூன்றாம் முறைக்குக் கையில் எதுவும் மிஞ்சியிருக்காது.

அதனால்தான் காப்பி முடிந்த பிறகு பழைய டிஸ்க்கை நான் குப்பையில் போட விடுவதில்லை. ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு உறையில் போட்டு ஒட்டி, எடுத்த தேதியையும் வாசிக்க முடியாமல் போன இடங்களின் அளவையும் மேலே எழுதித் திருப்பிக் கொடுக்கிறேன். “அதான் எல்லாம் வந்துருச்சேண்ணே, இது இனிமே எதுக்கு?” என்று கேட்கிறவர்களை உட்கார வைத்து, டீ சொல்லி, 256-க்கும் 65,536-க்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்கிறேன்.