கால்டுவெல் சிலையும் நாகர்கோவில் லேஸும்

நம் வளாகத்தில் மாலை வேளையில் உல்லன் உருண்டையும் குரோஷா ஊசியுமாக உட்காரும் மகளிரைப் பார்த்துத்தான் இதை எழுதத் தோன்றியது.

நீங்கள் மெரினாவில் நடைப்பயிற்சி செய்பவரானால் கால்டுவெல் சிலையைப் பலமுறை கடந்திருப்பீர்கள். 1968 உலகத் தமிழ் மாநாட்டின்போது வைத்தது. ஒப்பிலக்கணம் எழுதியவர் என்று எல்லோருக்கும் தெரியும். அவர் மனைவி எலிசாவைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நம் பக்கத்து லேஸ் வேலையின் கதை எலிசாவின் பிறந்த வீட்டில் தொடங்குகிறது.

எலிசாவின் பெற்றோர் சார்லஸ் மால்ட், மார்த்தா மால்ட். லண்டன் மிஷனைச் சேர்ந்த இவர்கள் 1819-ல் நாகர்கோவிலுக்கு வந்தார்கள். அன்று அது திருவிதாங்கூர் சமஸ்தானம். பெண்களுக்கு விடுதிப் பள்ளி நடத்திய மார்த்தா, 1821 வாக்கில் மாணவிகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார்.

இது நீங்கள் செய்யும் பின்னல் அல்ல. ஸ்வெட்டருக்கு இரண்டு ஊசி. ஒரு வரிசைக் கண்ணிகள் முழுக்க ஊசியிலேயே இருக்கும். குரோஷாவுக்கு ஒரே கொக்கி ஊசி. கண்ணி கண்ணியாக முடித்துக்கொண்டே போகலாம். லேஸுக்கோ திண்டு போல ஒரு தலையணை, அதன்மேல் டிசைன் குத்திய அட்டை, குண்டூசிகள், நூல் சுற்றிய சின்னக் கட்டைகள். கட்டைகளை ஜோடி ஜோடியாக எடுத்து, மாற்றிப் போட்டு, முறுக்கி, குண்டூசியில் நிறுத்த வேண்டும். நூல் மிக மெல்லியது. (கடையில் பருத்தி குரோஷா நூலில் 10, 20, 40 என்று எண் இருக்கும். எண் ஏற ஏற நூல் மெலியும். லெட்ஜரில் பழகிய எனக்கு இது தலைகீழ்க் கணக்காகப் பட்டது.)

லேஸை வாங்கியவர்கள் பெரும்பாலும் ஐரோப்பியர்கள். விற்ற பணத்தில் பள்ளி நடந்தது; பின்னியவர்களுக்கும் கூலி கிடைத்தது. அந்தக் கூலிதான் விஷயம். மாணவிகளில் சிலர் அடிமைகளாகப் பிறந்தவர்கள். லேஸ் காசைச் சேர்த்து, எஜமானருக்குக் கொடுத்துத் தங்களை மீட்டுக்கொண்டவர்கள் உண்டு. திருவிதாங்கூரில் அடிமை முறை ஒழிந்தது 1855-ல். நாடார் பெண்கள் மேலாடை அணிய அரசு அனுமதித்தது 1859-ல்தான். சீமைப் பெண்களின் கவுனுக்குக் கரை பின்னிய நாட்டில் இதுதான் நிலைமை.

1844-ல் கால்டுவெல்லை மணந்த எலிசா, திருநெல்வேலிச் சீமையில் இருந்த இடையன்குடிக்குப் போனார். தேரி மணல் பூமி. பனையை நம்பிய ஊர். அங்கே பெண்களுக்குப் பள்ளி வைத்து, அம்மா நடத்திய லேஸ் வேலையையும் கொண்டுபோனார். பனையேறிக் குடும்பத்துப் பெண்கள் கையிலும் தனியாகக் கொஞ்சம் காசு புரண்டது.