கண்டி அரண்மனையில் ஒரு நாள்

ரெக்ஸ்டேலில் வளர்ந்த என்ர மகளுக்கு ஊர் காட்டப் போனபோது கண்டிக்கும் போனனாங்கள். தலதா மாளிகைக்குப் பக்கத்தில்தான் பழைய அரண்மனை. அரசிமார் வாழ்ந்த ‘பல்லே வாகல’ என்னும் பகுதி இன்று தேசிய நூதனசாலை.

கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். நாயக்கர் வம்சத்தவன், இயற்பெயர் கண்ணுசாமி. 1798இல் முடிசூடினான். பிரதானிகளோடு பகை முற்றியது. அதைப் பயன்படுத்திய ஆங்கிலேயர் 1815 பெப்ரவரி 18இல் அவனைச் சிறைப்பிடித்தார்கள். மார்ச் 2இல் கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தானது.

அதில் ஒரு நிபந்தனை உண்டு. மன்னனின் ஆண் உறவினர் எவரும் எழுத்து மூல அனுமதி இல்லாமல் கண்டி நாட்டுக்குள் வரக்கூடாது. 1816இல் மன்னனையும் குடும்பத்தையும் கப்பலேற்றி, வேலூர்க் கோட்டையில் காவலில் வைத்தார்கள். 1832 ஜனவரி 30இல் அங்கேயே கண்மூடினான். சமாதி பாலாற்றங்கரையில் இருக்கிறது.

இங்கிலாந்துக்குக் கொண்டுபோன சிம்மாசனம் 1934இல் திரும்பி வந்தது. இப்ப அது கொழும்பு நூதனசாலையில்.

“அப்ப ராசாவும் எங்களைப்போல அகதியோ அப்பா?” என்று மகள் கேட்டாள். ராச்சியம் ஆண்டவரும் நாங்களும் ஒன்றல்ல. ஆனாலும், ஊருக்குத் திரும்ப ஒரு கடதாசிக்குக் காத்திருப்பது என்னவென்று எங்களுக்கு விளங்கும்.

ஊருக்குப் போறவை பிள்ளையளையும் அங்கே கூட்டிக்கொண்டு போங்கோ. கதையையும் சொல்லுங்கோ.