வாயுறையும் கொண்டித்தொழுவும்

தூத்துக்குடி மாநகரை ஒட்டியிருக்கும் மாப்பிள்ளையூரணியின் பெயரிலேயே ஓர் ஊரணி இருக்கிறது. மழைத்தண்ணியைத் தேக்கி ஊருக்கும் மாட்டுக்கும் தாகம் தீர்க்கும் குளம் அது. உப்பளம் சூழ்ந்த கடற்கரையில் நல்ல தண்ணி லேசுப்பட்ட விஷயமில்லை.

மாட்டுக்குத் தீனி கொடுப்பதை அந்தக் காலத்தில் ஊர்க்காரியமாக வைத்திருந்தார்கள். முப்பத்திரண்டு அறங்களில் பசுவுக்கு வாயுறை ஒன்று. மாடு உடம்பைத் தேய்த்துக்கொள்ள ஆவுரிஞ்சுதறி நடுவது இன்னொன்று. மேய்ச்சல் புறம்போக்கு, மந்தைப் புறம்போக்கு என்றெல்லாம் இடமும் ஒதுக்கியிருந்தார்கள். சென்னை மந்தைவெளியில் இன்று மந்தையும் கிடையாது, வெளியும் கிடையாது, பெயர்தான் மிச்சம்.

தூத்துக்குடி 1866இல் நகராட்சியானது. 1871இல் கால்நடை அத்துமீறல் சட்டம் வந்தது. பயிரை மேயும் மாட்டையும், சாலையில் திரியும் மாட்டையும் பிடித்து அடைக்கக் கொண்டித்தொழு. சனங்கள் வாயில் 'பவுண்டு'. அபராதம்தான் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. ஆனால் அடைத்த மாட்டுக்குத் தீனியும் தண்ணியும் வைப்பது தொழுக்காரரின் கடமை என்றும் அந்தச் சட்டம் சொன்னது. உடையவர் அபராதத்தோடு தீவனச் செலவையும் கட்டித்தான் மாட்டை ஓட்டிப்போக முடியும். ஏழு நாளில் யாரும் வராவிட்டால் அறிவிப்பு. இன்னும் ஏழு நாள் பார்த்துவிட்டு ஏலம். மாடு யாருடையது, தீனி யார் பொறுப்பு என்ற இரண்டு கேள்விக்கும் அதில் பதில் இருந்தது.

இப்போது மந்தை மனையாகிவிட்டது. பால் கறந்ததும் மாட்டை அவிழ்த்துவிட்டால் அதற்குத் தெருதான் மேய்ச்சல். 'தெரு மாடு' என்கிறோம், பலவற்றுக்குச் சொந்தக்காரர் இருக்கிறார். வாயுறையும் அவரவர் புண்ணியமாகச் சுருங்கி, கேரிபேக்கில் முடிச்சுப் போட்டுக் குப்பைத்தொட்டியோரம் வந்துவிட்டது. மாட்டுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது. நாக்கால் சுருட்டி இழுத்து அப்படியே விழுங்கும். பையைப் பிரித்துத் தின்ன அதற்குத் தெரியாது. வயிற்றில் தங்கும் பிளாஸ்டிக் செரிக்காது, இரையும் இறங்காது. ஆந்திரத்தின் கருணா சொசைட்டி 2012இல் இதை உச்ச நீதிமன்றம்வரை கொண்டுபோனது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பை தடை செய்யப்பட்டிருக்கிறது, ஆனாலும் குப்பையில் பை கிடக்கத்தான் செய்கிறது.

சோறும் ஆபத்துதான். அள்ளிப் போட்ட சோறும் பொங்கலும் வயிற்றில் புளித்து அமிலமாகும். மாடு படுத்துவிடும், செத்தும் போகும். அமாவாசை அகத்திக்கீரை நல்ல தீனி. கட்டிய ரப்பர் பேண்டை அவிழ்த்துவிட்டு, வண்டி போகாத இடத்தில் வைக்க வேண்டும். பக்கத்தில் ஒரு தொட்டித் தண்ணி. உடையவரைத் தெரிந்தால் அவர் தொழுவத்திலேயே கொண்டுபோய்க் கொடுப்பது இன்னும் நல்லது.

ஊரணி வெட்டியவர்கள் மாட்டுக்குத் தண்ணி மட்டும் வைக்கவில்லை. நின்று குடிக்க ஓர் இடமும் விட்டுவைத்தார்கள்.